பாக்கம் எங்கே தொடங்குகிறது

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை சிறியது. ஒரு அறக்கட்டளை நடத்துவது. எங்கள் வேன் வாரத்தில் இரண்டு நாள் ஜி.எஸ்.டி. ரோடு என்னும் திருச்சி நெடுஞ்சாலை ஊர்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் போய், கண்புரை உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு வரும். அறுவை சிகிச்சை முடிந்ததும் கொண்டுபோய் வீட்டில் விடும். ஏழாம் நாள் மறுபடி அழைத்துவந்து, டாக்டர் கண்ணைப் பார்த்த பிறகு திரும்பக் கொண்டு விடும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது என் சின்ன மகளுக்கு மூன்று வயது. பிள்ளைகளுக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்தேன். மத்தியானம் அவர்கள் தூங்கும் நேரத்தில் ஊரப்பாக்கத்து வீட்டுச் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் படித்தேன். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே படித்த படிப்பு. அதை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதனால் முதல் சில மாதங்கள் எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்ற பரபரப்பிலேயே இருந்தேன்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. மருத்துவமனைக்குப் புது மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதில் ஊர் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பழைய பதிவேட்டிலோ முகவரி முழுக்க ஒரே கட்டத்தில் ஒரே வரியாக இருந்தது. அந்த வரியிலிருந்து ஊரை மட்டும் பிரித்தெடுத்துப் புதுக் கட்டத்தில் போடச் சொன்னார் நிர்வாகி. ஊர் தனியாக வந்துவிட்டால் வேன் போகிற வழிக்கு ஏற்ப பட்டியல் தானாகவே வந்துவிடும்.

பழைய முகவரிகளைத் திறந்து பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ‘ரயில்வே கேட் தாண்டி ரேஷன் கடை சந்து, மூத்த பையன் ஆட்டோ ஓட்டுறார், ஊரப்பாக்கம்’ என்று ஒன்று. ‘மருமகள் டீச்சர், அவங்க பேர் சொன்னா காட்டுவாங்க’ என்று இன்னொன்று. அதில் ஊரே இல்லை. ‘நாய் இருக்கு, கேட்டிலிருந்தே கூப்பிடணும்’ என்று முடிந்தது வேறொன்று.

இவ்வளவையும் அடித்தவர் பதிவு மேசையில் உட்காரும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுத்தில் மெல்லிய செயினில் சின்னச் சிலுவை, மேசையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்க் டீ. அவருடைய அம்மா அப்பா அச்சரப்பாக்கம் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாவது முடித்தவர் அக்கா. கீபோர்டைப் பார்க்காமல், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்.

எங்கள் மாவட்டத்தில் ஊர்ப் பெயர்களில் பாதி ‘பாக்கம்’ என்று முடிகிறவை. கடப்பாக்கம், அச்சரப்பாக்கம், ஊரப்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாக்கம். ஆகவே பாக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். டேட்டாபேஸில் இதற்கென்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வரியைக் கொடுத்து, அதற்குள் தேட வேண்டிய சொல்லையும் கொடுத்தால், அந்தச் சொல் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லும். இல்லாவிட்டால் பூஜ்யம். எண் கிடைத்ததும் அங்கிருந்து பின்னோக்கிப் போய், முந்தைய இடைவெளி வரைக்கும் உள்ள எழுத்துகளைச் சேர்த்து வெட்டினால் ஊர்ப் பெயர் முழுசாகக் கையில் வந்துவிடும். கொர கொரவென்று ஓடிய பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கட்டளையை ஓட்டினேன். நூற்றுக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சுத்தமாக ஓர் ஊர். அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது நின்றுகொண்டேதான் வந்தேன், ஆனால் கால் வலித்ததாக நினைவில்லை.

மறுவாரமே வேன் டிரைவர் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். அமைதியான மனிதர், அதட்டிப் பேசமாட்டார்.

“இன்னா மேடம், டேங்க்பாக்கம்னு ஒரு ஊரு போட்டுகீது. நானும் இருவது வருசமா இந்த ரூட்ல வண்டி ஓட்டிகினு கீறேன். அப்டி ஒரு ஊரு எனக்குத் தெரியாம போச்சே.”

வாங்கிப் பார்த்தேன். டேங்க்பாக்கம் மட்டுமில்லை. ஸ்கூல்பாக்கம், கிணத்துப்பாக்கம், மில்லுப்பாக்கம் எல்லாம் இருந்தன. ‘டேங்க் பக்கம்’, ‘ஸ்கூல் பக்கம்’ என்பதை அக்கா பல இடங்களில் இடைவெளி விடாமல் சேர்த்தே அடித்திருந்தார். பாக்கமும் பக்கமும் ஆங்கில எழுத்தில் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் கட்டளை செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே ராத்திரியில் நாற்பது ஐம்பது புது ஊர்களை உண்டாக்கியிருந்தது.

பதிவு மேசையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

“நீங்க முகவரியை இப்படி அடிச்சா எப்படிக்கா? கதவு நம்பர், தெரு, ஊர். அவ்வளவு போதாதா?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். கோபப்படவில்லை.

“கண்ணு தெரியாம, யாரு கையையோ புடிச்சிகினு வந்து நிக்கறாங்கம்மா. கதவு நம்பர் இன்னான்னு கேட்டா பயந்துடறாங்க. வூட்டுக்கு எப்டி வரணும்னு கேட்டா பேசுவாங்க. பேசும்போது நடுவுல நிறுத்தினா அப்பறம் ஒண்ணும் வராது. அதான் அவங்க சொல்லச் சொல்ல அப்டியே அடிச்சிடறேன்.”

‘சரிக்கா, இனிமே ஊரை மட்டும் கடைசியில அடிங்க’ என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். டேங்கையும் ஸ்கூலையும் நீக்கினேன். தபால் துறைப் பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயர்களோடு ஒப்பிட்டு, அதில் இருப்பவை மட்டும் வருகிற மாதிரி திருத்தினேன். இப்போது பொய் ஊர் ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன். நிர்வாகியும் பாராட்டினார்.

ஒரு மாதம் எல்லாம் சரியாகவே ஓடியது.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, ஏழாம் நாள் பார்வைக்கு வரவேண்டியவர்களை இறக்கிவிட்டு டிரைவர் உள்ளே வந்தார். “ஒரு அம்மா மட்டும் வர்ல மேடம். போன வாரம் நான் லீவு, வேற டிரைவர்தான் கூட்டிகினு வந்து வுட்டாரு, எனக்கு வூடு தெரியாது. அச்சரப்பாக்கம். பஸ் ஸ்டாண்டாண்ட அரை மணி நேரம் நின்னேன். போன் போட்டா யாரோ எடுத்து ராங் நம்பர்ன்றான்.”

பெயரைச் சொன்னார். பதிவு மேசையில் அக்காவின் கை அப்படியே நின்றது.

“அச்சரப்பாக்கமா? அது கடப்பாக்கமாச்சே! நேத்து சாயங்காலம் யாரு போன்லேந்தோ பேசிச்சு, கண்ணு கரகரங்குதுன்னு. காலையில வேன் வரும், ஏறி வந்துடுன்னு நான்தான் சொன்னேன்.”

நான் பழைய முகவரியைத் திறந்தேன். ‘அச்சரப்பாக்கம் சந்தையில கருவாடு விக்கிறவங்க, கடப்பாக்கம் குப்பம், தண்ணி டேங்க் பக்கம் மூணாவது வீடு, வாசல்ல கவுத்த படகு.’

என் கட்டளை முதலில் கண்ணில் பட்ட பாக்கத்தோடு நின்றுவிடும். அது அப்படித்தான். ஏழாவது ஆங்கில எழுத்திலேயே பாக்கம் கிடைத்தது. ஏழு என்று சொல்லிவிட்டு அது வேலையை முடித்துக்கொண்டது. ஐம்பதாவது எழுத்துக்கு அப்பால் இன்னொரு பாக்கம் இருப்பதை நானும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. அச்சரப்பாக்கம் நிஜமான ஊர் என்பதால் என் ஒப்பீட்டிலும் தேறிவிட்டது. அந்த அம்மா எங்கேயோ கடற்கரை ரோட்டில் காத்துக்கொண்டு நிற்க, வேன் கடற்கரையை விட்டுத் தள்ளி வேறொரு ஊரில் நின்று ஹாரன் அடித்திருக்கிறது.

அறுவை செய்த கண்ணில் கரகரப்பு என்றால் காத்திருக்க முடியாது என்று அந்த ஐந்தாறு மாதத்தில் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் ஒரு கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே, “உடனே கூட்டிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டிரைவர் டீ கூடக் குடிக்கவில்லை. அக்கா பதிவு மேசையை நர்ஸிடம் விட்டுவிட்டு, “அந்தம்மா முகம் எனக்குத்தான் தெரியும்” என்று வேனில் ஏறினார். நானும் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மதுராந்தகம் தாண்டி, கிழக்கே திரும்பி, உள்ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனோம். நான் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அக்கா திட்டவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து என் மடியில் வைத்தார்.

“காலையில சாப்ட்ருக்க மாட்ட. ஏழே கால் வண்டியப் புடிக்கறவ. துன்னு.”

“என்னாலதானேக்கா?”

“உன்னாலதான்,” என்றார். “துன்னுட்டு அழு.”

கடப்பாக்கம் குப்பத்தில் தண்ணீர் டேங்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதிலிருந்து மூன்றாவது வீடு. வாசலில் நிஜமாகவே ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், அதன் நிழலில் இரண்டு கோழிகள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் ஈரத் துணியோடு வெளியே வந்தாள்.

“அத்தையா? அது காலையில ஆறு மணிலேந்து மெயின் ரோட்லதான் நின்னுகினு இருந்திச்சு. கையில ஆஸ்பத்திரி சீட்டு, மாத்துப் பொடவை எல்லாம் எடுத்துகினு. ஒம்போது மணி வரிக்கும் பாத்துட்டு, வேன் வராது போலன்னுட்டு வந்துடிச்சு. இன்னிக்குச் சந்தையாச்சே. கூடையத் தூக்கிகினு பஸ் ஏறிப் போயிடுச்சு.”

“எந்தச் சந்தைக்கு?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“அச்சரப்பாக்கத்துக்குத்தான்.”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காதான் முதலில் வேனை நோக்கி நடந்தார்.

மறுபடி உள்ரோடு, மறுபடி குலுக்கல். சந்தையில் வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. காய்கறிக் கடைகளைக் கடந்து, வாசனையைப் பிடித்துக்கொண்டே போனோம். சாக்கு விரித்த வரிசையில் நான்காவது ஆளாக அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தார். முன்னால் நெத்திலியும் வாளையும் தனித்தனிக் குவியல். கண்ணாடிக்குக் கீழே ஒரு கன்னம் மட்டும் ஈரமாக இருந்தது.

அக்காவின் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார். “இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

“உன்னத் தேடிகினு கடப்பாக்கம் வரிக்கும் போயிட்டு வர்றோம்,” என்றார் அக்கா.

“கடப்பாக்கத்துல இன்னாத்துக்குத் தேடினீங்க? சந்தை நாள்ல இங்கதான் கீறேன்னு அன்னிக்கே சொன்னேனே. நீ எழுதலயா?”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுதியிருந்தது. முதல் வார்த்தையாகவே எழுதியிருந்தது.

பக்கத்துக் கடைக்காரப் பெண் மீதிக் கருவாட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பாதியை அவளிடம் விட்டு, மீதியைக் கூடையோடு வேனில் ஏற்றிய பிறகுதான் எழுந்தார். டிரைவர் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். செங்கல்பட்டு வரை அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தேய்க்கப் போகும்போதெல்லாம் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார்.

நான் பின் சீட்டிலிருந்து சொன்னேன். “என் தப்புதாம்மா. லிஸ்ட்ல உங்க ஊரை மாத்திட்டேன்.”

அவர் திரும்பி, தெரியாத கண்ணையும் தெரிகிற கண்ணையும் சேர்த்து என்னைத் தேடினார்.

“நீ எப்டி மாத்துவ? எங்கூட்டுக்காரரு செத்ததும் எங்கம்மா வூட்டுல அங்கயே வந்துடுன்னு எவ்ளோ கூப்ட்டாங்க. நானே ஊர மாத்திக்கல.”

டாக்டர் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கண்ணுக்குள் அழற்சி தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து, இப்போதைக்குப் பயமில்லை என்றார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டும். வெளியே வந்து அதைச் சொன்னபோது என்னைத் தனியாகப் பார்த்து, “லிஸ்டை இன்னிக்கே சரிபண்ணுங்க” என்றார். குரலில் கடுமை இல்லை. இருந்தாலும் அந்த வாக்கியம் நெடுநாள் எனக்குள் இருந்தது.

அந்த மூன்று நாளும் சொட்டு மருந்து விட நர்ஸ் போகும்போதெல்லாம் நானும் போய் நின்றேன். நான்காம் நாள் டாக்டர் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். “படிக்கத் தெரியாது, ஆனா அஞ்சாவது வரிசை வரிக்கும் பூச்சி பூச்சியா தனித்தனியாத் தெரியுது” என்றார் அந்த அம்மா. நர்ஸ் படம் போட்ட அட்டையை மாட்டினார். அந்த அம்மா மீன், நாற்காலி, குடை என்று வரிசையாகச் சொன்னார். மீனை மட்டும், ‘இது எங்கயும் இல்லாத மீனு’ என்று குறை சொன்னார்.

பட்டியலைச் சரிசெய்ய முதலில் குறுக்கு வழிதான் தேடினேன். முதல் பாக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பாக்கத்தை எடுத்தால் என்ன? அந்த அம்மாவின் வரியிலேயே அது உதவாது. கடைசியில் இருப்பது டேங்க் பக்கம். சரியான ஊர் நடுவில் இருந்தது. ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டாலும் இரண்டு நிஜ ஊர்கள் வந்து நிற்கும். அதில் எது வீடு, எது பிழைப்பு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் கட்டளையை வேறு மாதிரி எழுதினேன். முதல் இடம் கிடைத்ததும், அதற்கு அடுத்த எழுத்திலிருந்து மறுபடி தேடு. மறுபடியும் கிடைத்தால் அந்த வரியைத் தனியாக எடுத்து வை. ஒன்றுமே கிடைக்காத பூஜ்ய வரிகளையும் எடுத்து வை. நீயாக எதையும் முடிவு செய்யாதே.

எடுத்து வைத்த வரிகளோடு அக்காவின் மேசைக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் புது நோயாளிகள் குறைவு. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். அவர் பிளாஸ்கின் மூடியில் எனக்கு டீ ஊற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“‘ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் பூ விக்கிறவங்க, அக்கா வீடு அச்சரப்பாக்கம்.’”

“ஊரப்பாக்கம். அக்காவோட சண்டை, அங்க போமாட்டாங்க. உங்க ஊர்தானே, நீ பாத்ததில்லயா?”

பார்த்திருந்தேன். தினமும் அவரைக் கடந்துதான் ரயில் ஏறுகிறேன். மறுநாள் நின்று பூ வாங்கினேன். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திகைத்துப்போய், “நல்லா கீதும்மா” என்று ஒரு முழம் கூடவே கிள்ளிக் கொடுத்தார்.

அப்படி ஏழெட்டு வாரம் உட்கார்ந்தோம். ‘மருமகள் டீச்சர்’ எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. நாய் இருக்கிற வீடு தெரிந்திருந்தது. தெரியாதவை சிலவே. அவற்றுக்கு டிரைவர் அண்ணன் உதவினார். எழுதிய கட்டளைகளுக்காக நான் கர்வப்பட்ட நாட்களைவிட அந்த மத்தியான மூன்று மணி வேளைகளைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக் கதை, அவர் வீட்டுக் கதை எல்லாம் அந்த வரிகளுக்கு நடுவேதான் பேசினோம். புது மென்பொருளில் பழைய முகவரிக் கட்டம் வேண்டாம் என்று நிர்வாகி சொன்னபோது நான் சண்டை போட்டேன். இன்றைக்கும் அது இருக்கிறது. அதற்கு ‘அவர்கள் சொன்னபடி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அக்கா எப்போதும் போல முகத்தைப் பார்த்துக்கொண்டே அதில் அடிக்கிறார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனேன். நண்டுக் குழம்பு, வறுத்த மீன், ஒரு அண்டாச் சோறு. பெரியவன் முள்ளுக்குப் பயந்து தட்டைத் தள்ளினான். அவர் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, விரலால் தடவிப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே முள்ளை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் நடந்து போனோம். பிள்ளைகள் இடிந்த சுவரில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கடலைப் பார்த்து நின்று, ஒரு கண்ணைக் கையால் மூடினார். பிறகு கையை மாற்றி மற்றக் கண்ணை மூடினார். இப்படி நாலைந்து தடவை.

“இந்தக் கண்ணுல பாத்தா எல்லாம் டீ கொட்டின மாதிரி மஞ்சளா கீது. ஆபரேசன் பண்ண கண்ணுல பாத்தா நீலமா கீது. எது நெசம்?”

“நீலந்தான் நெசம்,” என்றார் அக்கா.

“அப்ப அந்தக் கண்ணையும் பண்ணிடு. எப்ப வரட்டும்?”

அக்கா கைப்பையைத் துழாவி டைரியை எடுத்து, அந்த மணலிலேயே உட்கார்ந்து நாள் பார்க்க ஆரம்பித்தார். சந்தை இல்லாத நாளாக.